பிசினும் பரிமளமும்

கனடாவிலே அரசாங்க உத்தரவு பெற்றுக் கஞ்சா பயிரிடும் பசுமைக்குடில்களில் எதற்குள் நுழைந்தாலும், உரம் கரைக்கும் அறையின் சுவரோரமாக வர்ணப் புட்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று பூவைப் பருக்கச் செய்யுமென்றும், ஒன்று பிசினைச் சுரக்கச் செய்யுமென்றும், மற்றொன்று மணத்தை இரட்டிப்பாக்குமென்றும் அவற்றின் மேலொட்டிய தாள்கள் வாக்களிக்கின்றன. அந்தப் புட்டிகளை வாங்கியும், கரைத்தும், ஊற்றியும், ஊற்றாமல் நிறுத்தியும் பார்த்த தொழிலாளி என்ற முறையில், அவற்றால் ஆவது எது, ஆகாதது எது என்பதைப் பக்ஷபாதமின்றி எழுதிவைக்க வேண்டுமென்பது என் நெடுநாளைய விருப்பம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உத்தரவின்றி இச்செடியை வளர்ப்பது குற்றமாகும். ஆகவே இது வீட்டுத் தோட்டத்துக்கு வழிகாட்டும் குறிப்பு அன்று. சட்டம் அனுமதித்த ஒரு தேசத்தில், சட்டத்துக்கு உட்பட்டு நடைபெறும் ஒரு விவசாயத்தின் விருத்தாந்தம் என்றே வாசகர்கள் இதனைக் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, தேடப்படும் பொருள் செடியில் எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். பெண்செடியின் பூங்கொத்தை ஒரு நல்ல பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், பூவடிச் செதில்களின்மேலும் அவற்றை ஒட்டிய சிற்றிலைகளின்மேலும் உரோமங்கள் அடர்ந்து நிற்பதையும், ஒவ்வோர் உரோமமும் ஒரு மெல்லிய காம்பும் அதன் உச்சியில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த ஓர் உருண்டைத் தலையும் உடையதாயிருப்பதையும் காண்போம். அந்தத் தலைக்குள்ளே, தட்டுப்போல் வட்டமாக அடுக்கப்பட்ட 12 முதல் 16 வரையான சுரப்பு உயிரணுக்கள் இருக்கின்றன என்பதைப் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தார் 2020இல் தெளிவாகக் காட்டினர். அவ்வணுக்கள் சுரப்பது முழுவதும் அவற்றுக்கு மேலுள்ள மெல்லிய தோலின் அடியில் தேங்கி நிற்கிறது. ஆரம்பத்தில் அந்த உருண்டை நீர்த்துளிபோல் நிர்மலமாயிருக்கும். வாரங்கள் செல்லச் செல்லப் பாலின் வெண்மையை அடையும். அதன் பின்னர் ஒவ்வொன்றாகத் தேன்நிறம் கொள்ளத் தொடங்கும். விரல் பட்டால் தோல் கிழியும்; கிழிந்த கணமே உள்ளிருந்த வாசனை வெளியேறிவிடும். எனவே செடியைத் தொட்டுத் தொட்டு முகர்ந்து மகிழ்கிறவன் ஒவ்வொரு தடவையும் தன் முதலிலிருந்து சிறிது செலவழிக்கிறான் என்பதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளிலேயே சொல்லிவைப்பது வழக்கம்.

அந்த ஒரே தலைக்குள்தான் பிசினும் இருக்கிறது, மணமும் இருக்கிறது. மாங்காயிலுள்ள மிர்சீன், எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீன், ஊசியிலை மரங்களின் பைனீன், மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோபிலீன் முதலான டெர்ப்பீன்கள் யாவும் இங்கேயே உண்டாகின்றன. இவற்றுள் இலேசான டெர்ப்பீன்களுக்கும், மருந்துக்காக நாடப்படும் கன்னாபினொயிட்டுகளுக்கும் ஜெரானைல் பைரோபொஸ்பேற்று என்னும் ஒரே மூலப்பொருள் பொதுவாக இருக்கிறது. செடி தன் இலையில் ஒளியைக்கொண்டு ஆக்கிய சர்க்கரையிலிருந்தே இந்த மூலப்பொருளைத் தானே செய்துகொள்கிறது. வேர் வழியாக எவரும் அதனை ஊட்டுவதில்லை. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டவனுக்குப் புட்டிகளின் வாக்குறுதிகளிற் பெரும்பாலானவற்றின் தராதரம் தானே விளங்கிவிடும்.

நான் இத்தொழிலுக்கு வந்தது புகையிலையின் வழியாகவும் தக்காளியின் வழியாகவும் ஆகும். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணிலே என் தகப்பனார் புகையிலை செய்தவர். குழை தாழ்ப்பதும், ஆட்டுப்பட்டி அடைப்பதும், செடி உயர்ந்தபின் தலை கிள்ளிக் கெட்டு என்னும் பக்கத் துளிர்களை முறிப்பதும் எனக்குச் சிறு வயதிலேயே பழக்கமான வேலைகள். கெட்டு முறித்த நாளில் கையெல்லாம் கறுத்துப் பசைபிடித்துப்போகும். அந்தப் பசையும் இலையின் உரோமங்கள் சுரந்த பிசினே என்பதை வெகு காலத்தின் பின் ஒன்ராறியோ மாகாணத்து லெமிங்ரனில் ஒரு பாடப்புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமன்று. எரு மிஞ்சிய தறையில் இலை கரும்பச்சையாய்த் தடித்து வளரும், ஆனால் குணம் இராது என்று தகப்பனார் சொல்வார். அவர் இரசாயனம் கற்றவரல்லர். ஆயினும் இந்த விஷயத்தில் அவருடைய வாக்கைக் காட்டிலும் சுருக்கமாகப் பிற்காலத்து ஆராய்ச்சி எதுவும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

லெமிங்ரன் கனடாவின் தக்காளிக் கொட்டில். அங்கே தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் வளர்த்த கண்ணாடிக் கூடங்களிற் சில, 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் தேதி கஞ்சாச் சட்டம் அமுலுக்கு வந்ததையொட்டிப் பயிரை மாற்றிக்கொண்டன. நானும் பயிரோடு மாறினேன். அங்கே செடி நிற்பது பெரும்பாலும் தும்புச்சோற்றிலே. அந்தத் தும்புச்சோற்றில் கணிசமான பகுதி இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கட்டிகளாகக் கப்பலேறி வருவது. எங்கள் ஊர்த் தேங்காயின் பொச்சு, பனி பெய்யும் தேசத்தில் செடிக்கு மண்ணாகிறது.

உதவும் புட்டிகளை முதலிற் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லாமே மோசடி என்று கூறுவது நியாயமாகாது. தும்புச்சோறு இயல்பாகவே பொற்றாசியமும் உப்பும் உடையது. கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்பால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. சுத்திகரித்த நீரை மட்டும் பாய்ச்சுகிற இடத்தில், இவ்விரண்டையும் தனியே சேர்க்காவிட்டால் இளம் இலைகள் கருகிச் சுருங்குவதும், முதிர்ந்த இலைகளின் நரம்பிடை மஞ்சளிப்பதும் சில வாரங்களிற் பிரத்தியட்சமாகத் தெரியும். ஆகையால் கல்சியமும் மக்னீசியமும் அடங்கிய புட்டி அவசியமானது. அதைப்போலவே மக்னீசியம் சல்பேற்று என்னும் மலிவான பேதியுப்பு, மக்னீசியத்தோடு கந்தகத்தையும் தருகிறது. கஞ்சாவுக்கே உரிய அந்தக் காட்டமான நாற்றத்துக்குக் காரணம் டெர்ப்பீன்கள் அல்ல, அணுவளவே உள்ள சில கந்தகச் சேர்மங்கள் என்பதைக் கலிபோர்னியாவில் 2021இல் கண்டுபிடித்தார்கள். அதற்காகக் கந்தகத்தை அள்ளிக் கொட்டினால் நாற்றம் பெருகுமென்று நான் சொல்லவில்லை. பற்றாக்குறை இருக்கக் கூடாது என்ற மட்டோடு நிறுத்துகிறேன்.

சிலிக்கா என்ற புட்டி தண்டைத் திடப்படுத்துவதிலும் பூஞ்சண நோயைத் தாங்கச் செய்வதிலும் வேறு பல பயிர்களில் பெயர் பெற்றது. அதனால் மணம் வந்ததாக நான் கண்டதில்லை. ஆனால் அதனைக் கையாளுகிறவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பொற்றாசியம் சிலிக்கேற்று மிகுந்த காரம் உடையது, தண்ணீரில் மற்றெல்லா உப்புகளுக்கும் முன்பாக அதனைக் கரைத்துக் கலக்கி, அதன் பின்னரே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும், முறை மாறினால் தொட்டியின் அடியில் வெண்களிம்பு படியும், சொட்டுக் குழாய்களின் வாய்கள் அடைபடும். கல்சியம் நைத்திரேற்றை ஒரு தொட்டியிலும், சல்பேற்று பொசுபேற்று வகைகளை வேறு தொட்டியிலும் செறிவாகக் கரைத்து வைப்பதும் இதே காரணம் பற்றியே. இவை சிறிய விஷயங்கள்போலத் தோன்றும். ஒரு பகற்பொழுது சொட்டுவாய் அடைபட்டுக் காய்ந்த செடிக்கு எந்தப் புட்டியும் பதில் சொல்லாது.

இனி, மணம் தருவதாகவே விற்கப்படும் புட்டிகள். இவற்றில் அநேகமானவை கரும்பாலைக் கழிவுப்பாகும் வேறு சர்க்கரைகளும் கலந்தவை. இனிப்பை ஊற்றினால் பூ இனிக்கும் என்ற எண்ணம் கேட்பதற்கு இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் செடி தனக்கு வேண்டிய சர்க்கரையை இலையில் ஆக்கி வேருக்கு அனுப்புமேயன்றி, வேரிலிருந்து வாங்கிப் பூவுக்கு அனுப்புவதில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அப்பாகு ஆகாரமாகலாம். உயிருள்ள மண்ணில் பயிரிடுகிறவருக்கு அதனால் ஓரளவு பிரயோசனமும் உண்டாகலாம். தும்புச்சோற்றிலும் சொட்டுக் குழாயிலும் அது வழுவழுப்பான படலமாகப் படிந்து, வேரைத் தின்னும் புழுக்களை ஈனுகிற சின்னஞ்சிறு கரிய ஈக்களுக்கு விருந்து வைப்பதோடு சரி.

அடுத்தது, பூக்கும் பருவத்துக்கென்று பொசுபரசையும் பொற்றாசியத்தையும் மிதமிஞ்சிச் சேர்த்து விற்கும் தூள்கள். இவற்றின் கீர்த்தி பெரிது. இஸ்ரவேலின் வோல்கனி ஆராய்ச்சி நிலையத்தார் இச்செடிக்குப் படிப்படியாகப் பொசுபரசை ஏற்றிச் சோதித்த பரீட்சைகளில், அதனால் பூவின் நிறை ஓரளவு கூடக் கூடும், ஆனால் பிசினின் செறிவு கூடுவதில்லை, குறையவுங்கூடும் என்பது வெளிப்பட்டது. செடிக்கு மிஞ்சிய பொசுபரசு, கழிவு நீரோடு போய் ஈரி ஏரியில் பாசியாகத்தான் முளைக்கிறது. லெமிங்ரன் அந்த ஏரியின் கரையிலேயே இருக்கிறது. கோடை முடிவில் அந்த நீரின் பச்சையைக் கண்ணாற் கண்டவன் இந்தத் தூளைக் கை நடுங்காமல் அள்ளமாட்டான்.

கடற்பாசிச் சாறு, அமினோ அமிலம், ஹியூமிக் அமிலம் என்பன எங்களுக்கு வேர்ப்பருவத்தில் சிறிது கைகொடுத்தன. நாற்றுக்கட்டைகள் சீக்கிரம் வேரோடுவதைக் கண்டிருக்கிறேன். பூப்பருவத்தில் அவற்றால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மெதைல் ஜாஸ்மோனேற்று என்பது மாத்திரம் உண்மையிலேயே விசேஷமான வஸ்து. பிச்சிப்பூவின் தைலத்திலிருந்து 1962இல் பிரித்தெடுக்கப்பட்ட இதனைச் செடிகள் தம்மைப் பூச்சி கடிக்கும்போது அபாய அறிவிப்பாக உபயோகிக்கின்றன. தக்காளியின்மேல் தெளித்தால் புதிய இலைகளில் சுரப்பி உரோமங்கள் கூடுவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். ஆனால் அபாயம் வந்துவிட்டதாக எண்ணும் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. கிடைத்ததற்கும் இழந்ததற்கும் கணக்குப் பார்த்தால் விவசாயிக்கு மிஞ்சுவது நிச்சயமில்லை.

நாங்கள் வேலை செய்த இடத்திலே ஒரு விற்பனை முகவர், தம்முடைய புட்டி மணத்தைப் பெருக்குமென்று சாதித்தார். அவரோடு வாதாடுவதைவிடப் பரீட்சித்துப் பார்ப்பது மரியாதையென்று, ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பதியன்களை ஒரே நாளில் நட்டு, ஒரு மேசைக்கு அவருடைய மருந்தையும் மறு மேசைக்கு வெறும் உரநீரையும் கொடுத்தோம். எந்த மேசைக்கு எது என்பதை நீர் கலக்கும் பையன் ஒருவனே அறிவான். என்னுடன் வேலை செய்த தம்பி ஒருவன், சாவகச்சேரிப் பக்கத்தவன், கூர்மையான மூக்குடையவன், ஏழாவது வாரத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, “அண்ணை, சுவர்ப் பக்கத்து மேசை கொஞ்சம் கூட மணக்குது போலக் கிடக்கு. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?” என்றான். “எழுதி வை தம்பி, அவிழ்க்கிற நாளில பாப்பம்” என்றேன். அவிழ்த்துப் பார்த்தபோது சுவர்ப் பக்கத்து மேசை வெறும் உரநீர் குடித்த மேசையாக இருந்தது. ஆனால் அவன் மூக்கு பொய் சொல்லவில்லை; அந்த மேசைக்கு மேலே நிழல் விழாததால் வெளிச்சம் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருந்தது. ஆய்வுகூடத்திலிருந்து வந்த தாளும் அதனையே சொல்லிற்று. அன்று முதல் அங்கே முதலிற் கழுவப்படுவது கூரைக் கண்ணாடிதான், பிறகே மற்ற வேலை.

ஊட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதில் கெட்டிக்காரனாயிருப்பவனே இப்பயிரில் நல்ல தோட்டக்காரன். நைதரசனை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன இஸ்ரவேல் நிலையத்தார் லீற்றருக்கு 30 மில்லிகிராமிலிருந்து 320 மில்லிகிராம்வரை அதனை ஏற்றிக்கொண்டு போனபோது, பிசினிலுள்ள முக்கிய கன்னாபினொயிட்டு அமிலங்களும் டெர்ப்பீன்களும் படிப்படியாகச் செறிவு குறைந்தன. விளைச்சலையும் குணத்தையும் ஒருங்கே கருதினால் 160 அளவே போதுமென்பது அவர்கள் முடிவு. எரு மிஞ்சிய தறைப் புகையிலையைப் பற்றி என் தகப்பனார் சொன்னதும் இதுவே. தண்ணீரிலும் இப்படித்தான். குவெல்ப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட பரீட்சையில், பூப்பருவத்தின் ஏழாவது வாரத்தளவில் நீரை நிறுத்தி, பதினொரு நாள்வரை செடியைத் தளரவிட்டு, பிறகு மீண்டும் நீர் வார்த்தார்கள். பூவின் நிறை குறையாமலே முக்கிய அமிலத்தின் செறிவு 12 விழுக்காடு உயர்ந்தது. ஒரு புட்டியும் வாங்காமற் கிடைத்த இலாபம் அது. ஆயினும் பெருந்தோட்டத்தில் எல்லாச் செடியும் ஒரே அளவில் வாடுவதில்லையாதலால், இலை எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று காலை மாலை நடந்து பார்க்கும் பொறுமை இல்லாதவர் இதனைச் செய்யாதிருப்பதே நலம்.

புட்டிகள் பிறப்பதற்கு முன்னரே பிசினை வளர்க்கும் கலை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வங்காளத்து நௌகானில் அரசாங்க மேற்பார்வையில் கஞ்சா பயிரிட்டவர்கள் சாணத்தையும் பிண்ணாக்கையுமே எருவாக இட்டார்கள். ஆனால் அவர்கள் பெரிதாக மதித்தது எருவை அல்ல, ஆண்செடிகளைக் கண்டு பிடுங்குவதற்கென்றே வயல்வயலாக அழைக்கப்பட்ட நிபுணரை. மகரந்தம் பட்ட பூ விதையாகிவிடும். படாத பூவே பிசினைச் சுரந்துகொண்டிருக்கும். 1893இல் நியமிக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷனின் அறிக்கையில் இதெல்லாம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இன்று பெண்பதியன்களையே நடுவதால் அந்த நிபுணருடைய வேலை நமக்கு இல்லை. தாய்ச்செடியைத் தெரிந்தெடுக்கும் வேலை அவருக்குப் பதிலாக வந்து நிற்கிறது. எலுமிச்சை மணக்கும் தாயின் பதியன் எலுமிச்சையே மணக்கும். மிளகு மணக்கும் தாயின் பதியனை எந்தத் திரவமும் எலுமிச்சையாக்காது.

புட்டிகளின் விஷயத்தில் வீண்செலவைக் காட்டிலும் என்னைக் கவலைக்கு உள்ளாக்குவது வேறொன்று. பூவைக் கல்போல இறுக்குவதாக விற்கப்பட்ட சில திரவங்களில், தாளிற் குறிப்பிடாமலே பக்ளோபுட்ராசோல், டமினோசைட் என்னும் வளர்ச்சித்தடை மருந்துகள் கலந்திருந்ததைக் கலிபோர்னிய அரசு 2011இல் கண்டுபிடித்து அவற்றின் விற்பனையை நிறுத்தியது. அம்மருந்துகள் அலங்காரச் செடிகளைக் குறுக்குவதற்கானவை. புகையாக உள்ளிழுக்கப்படும் பயிருக்கானவை அல்ல. கனடாவிலே மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சணநாசினி கலந்த சரக்குகள் திருப்பி அழைக்கப்பட்டதை இத்தொழிலில் உள்ளோர் மறக்கமாட்டார்கள். அது சூடேறும்போது ஹைதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சை வெளிவிடும். இவ்வனுபவங்களின் பயனாகவே 2019 ஜனவரி 2ஆம் தேதி முதல் 96 மருந்துகளுக்கான பரிசோதனை அங்கே கட்டாயமாயிற்று. இச்சரக்கை வாங்குகிறவர்களிற் பலர் வலியாலும் வாந்தியாலும் வருந்தும் நோயாளிகள் என்பதை நினைத்தால், மூடியைத் திறப்பதற்கு முன் எந்தப் புட்டியின் உள்ளடக்கத்தையும் விசாரிப்பது தோட்டக்காரனுடைய கடமை என்பதில் சந்தேகமில்லை.

மணம் உண்மையில் இழக்கப்படும் இடமோ உலர்த்தும் அறை. 1996இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தார் பச்சைப் பூவின் தைலத்தையும் அறைச்சூட்டில் உலர்ந்த பூவின் தைலத்தையும் ஒப்பிட்டு எழுதினர்: ஒரு வாரத்தில் 31 விழுக்காடு போயிற்று, ஒரு மாதத்தில் ஏறக்குறைய 45, மூன்று மாதத்தில் 55. முதலிற் பறப்பவை மிர்சீன், பைனீன் போன்ற இலேசானவை, அதாவது பூவை முகர்ந்தவுடன் நம்மை வந்து சேரும் அந்த முதல் வாசனை. தோட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் பாடுபட்டுச் சேர்த்ததில் மூன்றிலொரு பங்கை ஏழு நாளில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, அதனை ஈடுசெய்யப் புட்டி வாங்குவது எவ்விதத்தில் விவேகமாகும்?

எங்கள் அறையை 16 பாகைச் செல்சியசும் 58 விழுக்காடு ஈரப்பதனுமாக வைத்திருப்போம். கிளைகளை முழுதாகத் தலைகீழாய்த் தொங்கவிட்டு, காற்றாடியின் காற்று பூவின்மேல் நேரே படாமற் சுவரில் மோதித் திரும்பும்படி அமைப்போம். ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாள் சிறு காம்பை வளைத்தால் மெல்லிய ஒலியுடன் முறியும். முறியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் உண்டு, முதல் நாலைந்து நாளிலேயே முறிந்தால் அவசரப்பட்டுவிட்டது என்று பொருள். புகையிலைக் குடிலில் பொச்சுமட்டைப் புகை போட்டுவிட்டு, இரவில் எழுந்து போய் இலையின் நடுநரம்பை விரலால் வருடிப் பதம் பார்ப்பார் என் தகப்பனார். சூடு அவருக்கு வேண்டியிருந்தது, எனக்கு ஆகாது. ஆனால் விரலைக் கொண்டு பதம் பார்ப்பது இரண்டுக்கும் பொது. கருவிகள் காட்டும் எண்ணை நான் நம்புகிறேன். நம்பினாலும், காம்பை முறித்துப் பார்க்காமல் ஒரு நாளும் அறையைத் திறந்துவிட்டதில்லை. அதன்பின் காற்றுப்புகாத கலங்களில் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் வைப்பது மட்டுமே மிச்சம்.

ரொறன்ரோவிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் இத்தொழிலுக்கு வருகிற நம் பிள்ளைகளை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. புட்டிகளுக்கென்று ஒதுக்கிய பணத்தைக்கொண்டு முதலில் உலர்த்தும் அறைக்கு நல்ல குளிரூட்டியும் ஈரநீக்கியும் வாங்குங்கள். மிஞ்சியதில் கல்சியமும் மக்னீசியமும் பேதியுப்பும் வாங்குங்கள். அதற்கு மேலும் ஏதேனும் ஒரு புட்டி வேண்டுமென்று தோன்றினால், விற்கிறவரிடம் அதன் ஆய்வுகூடச் சான்றிதழைக் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.